சிவப்பு சிலிண்டரும் ரேஸ் காரும் - பிளவக்கல் கரையில் ஒரு பேச்சு

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சுக்கிட்டே இருந்த விஷயம். போன ஞாயித்துக்கிழமை தங்கச்சி மகன் கிளப்பி விட்டுட்டான்.

வத்திராயிருப்பு தாண்டி பிளவக்கல் அணைக்குப் போயிருந்தோம். பெரியாறு, கோவிலாறு ரெண்டும் மேற்குத் தொடர்ச்சி மலையில இருந்து இறங்கி வர்ற இடம். கரையில உக்காந்து கட்டுச்சோறு சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது பய மெதுவா ஆரம்பிச்சான். பழைய ஹேட்ச்பேக் ஒண்ணு வாங்கி, உள்ள இருந்த சீட்டு, கார்பெட் எல்லாத்தையும் உருவிப் போட்டுட்டு, கூண்டு வெல்டிங் பண்ணி வச்சிருக்கான். கோயமுத்தூர் பக்கம் நடக்கிற ராலியில கலந்துக்கணுமாம். இஞ்சின் வேலைக்கு நெறைய செலவாகிருச்சு. இனி பாக்கி தீயணைப்பு சமாச்சாரம் மட்டும்தான்.

"மாமா, ரெண்டு கிலோ பவுடர் சிலிண்டர் ஒண்ணு வாங்கி சீட்டுக்குப் பக்கத்துல கட்டிட்டா போதும்ல? செக்கிங்ல பாஸ் ஆனா சரி."

இந்த "பாஸ் ஆனா சரி"ங்கிற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு சோறு இறங்கல. காரணம் இருக்கு, பின்னாடி சொல்றேன். முதல்ல அவனுக்கு அன்னைக்குச் சொன்ன கதைகளை வரிசையா இங்கே எழுதி வைக்கிறேன். ரேஸ் காருக்குள்ள அந்த சிவப்பு சிலிண்டர் எப்படி வந்து சேர்ந்துச்சுங்கிற கதை அது. ஒவ்வொரு விதிக்குப் பின்னாடியும் ஒரு ஆள் செத்திருக்கான்.

வைக்கோல் கட்டும் மெக்னீசியமும்

1960களில் ரேஸ் கார்ங்கிறது கிட்டத்தட்ட பெட்ரோல் டேங்குக்கு நடுவில் ஒரு ஆளை உக்கார வச்ச மாதிரிதான். ரெண்டு பக்கமும் அலுமினியத் தகடு, அதுக்குள்ள பெட்ரோல். பெட்ரோல் ஆவி காத்தை விடக் கனமானது. கீழேயே பரவி நிக்கும். மைனஸ் 40 டிகிரியிலயே பத்திக்கிற அளவுக்கு ஆவி விடும். நம்ம ஊர் வெயிலுக்குச் சொல்லவே வேண்டாம்.

1967 மே 7, மொனாக்கோ. இத்தாலிக்காரர் லொரென்சோ பாண்டினியின் ஃபெராரி துறைமுகத்துப் பக்கம் மோதிக் கவிழ்ந்தது. அந்தக் காலத்தில் பாதுகாப்புக்குன்னு தடத்தோரமா வைக்கோல் கட்டு அடுக்கி வச்சிருப்பாங்க. பாதுகாப்புக்கு வச்ச வைக்கோலே தீக்குத் தீனி ஆச்சு. மூணு நாள் கழிச்சு, மே 10ஆம் தேதி ஆஸ்பத்திரியில் இறந்தார். வைக்கோல் கட்டுக்குத் தடை வந்தது அதுக்கப்புறம்தான்.

1970 ஜூன் 21, ஹாலந்தில் ஜான்ட்வோர்ட் தடம். பியர்ஸ் கரேஜ் ஓட்டிய காரின் உடம்பில் எடை குறையட்டும்னு மெக்னீசியம் கலந்திருந்தாங்க. தீபாவளிக்கு மத்தாப்பு கொளுத்துறோமே, அந்த வெள்ளை வெளிச்சம் எங்கிருந்து வருதுன்னு சிவகாசிப் பக்கத்து ஆளுங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. தண்ணி ஊத்துனா இன்னும் கூடும். பக்கத்துல யாரும் போக முடியாத அளவுக்கு எரிஞ்சது. கரேஜ் பிழைக்கலை.

காலு மட்டும்தான் ஒடிஞ்சிருந்தது

என்னைக் கேட்டா, இந்தக் கதையில் முக்கியமான நாள் 1971 அக்டோபர் 24. இங்கிலாந்தில் பிராண்ட்ஸ் ஹேட்ச் தடம். சுவிட்சர்லாந்துக்காரர் ஜோ சிஃபர்ட் ஓட்டிய பி.ஆர்.எம். கார் மண்மேட்டில் மோதி, கவிழ்ந்து, தீப்பிடிச்சது. மோதலில் அவருக்குக் கால் முறிவுதான். உயிர் போற அளவு காயம் கிடையாது. அவர் இறந்தது புகையால. மூச்சு முட்டி. தடத்தோரத்தில் இருந்த தீயணைப்பான்களை எடுத்து அடிச்சா, வேலை செய்யலை.

இங்கதான் நான் கொஞ்சம் நிறுத்தினேன். "டேய் மாப்ளே, சிலிண்டர் அங்க இருந்துச்சுடா. அந்தக் கணக்குப்படி பாத்தா அந்தத் தடமும் பாஸ்தான்."

பய ஒண்ணும் பேசல.

சிஃபர்ட் இறந்த பிறகுதான் ரெண்டு விஷயம் கட்டாயமாச்சு. ஒண்ணு, காருக்குள்ளேயே பொருத்தின தீயணைப்பு ஏற்பாடு. இன்னொண்ணு, டிரைவரோட ஹெல்மெட்டுக்குக் குழாய் வழியா மூச்சுக்காத்து. வெளியில இருந்து உதவி வர்ற வரைக்கும் உள்ளே இருக்கிறவன் தாக்குப் பிடிக்கணும், அதான் கணக்கு. இந்தக் கணக்கு அம்பது வருஷம் தாண்டியும் மாறலை.

ஆனா சட்டம் வந்த உடனே உயிர் போறது நின்னுடலை. 1973 ஜூலை 29, அதே ஜான்ட்வோர்ட். ரோஜர் வில்லியம்சனின் கார் தலைகீழாக் கவிழ்ந்து எரியுது. பின்னால வந்த டேவிட் பர்லி தன் காரை நிறுத்திட்டு ஓடி வந்து, தனி ஆளா அதைப் புரட்டப் பாக்குறார். முடியலை. ஒரு தீயணைப்பானை வாங்கி அடிக்கிறார், அது காலி ஆயிருது. பக்கத்துல இருந்த ஊழியர்களுக்குத் தீக்காப்பு உடை இல்லாததால கிட்ட வர முடியலை. ரேஸ் நிக்காம மத்த கார்கள் தாண்டிப் போய்க்கிட்டே இருந்துச்சு. அந்த முயற்சிக்காக பர்லிக்கு பிரிட்டனின் ஜார்ஜ் மெடல் கொடுத்தாங்க. அந்தப் படக்காட்சியை நான் ஒரு தடவை பாத்திருக்கேன். ரெண்டாவது தடவை பாக்க மனசு வரலை.

1976 ஆகஸ்ட் 1, ஜெர்மனியில் நூர்பர்க்ரிங். நிக்கி லாடா கதை எல்லாருக்கும் தெரிஞ்சது. அவரை வெளியே இழுத்தது மெர்சாரியோ, எட்வர்ட்ஸ், லங்கர், எர்ட்ல்னு நாலு சக டிரைவர்கள். உடம்புத் தோல் வெந்ததை விட, நுரையீரலுக்குள்ள போன சூடான விஷப்புகைதான் அவரை சாவு வரைக்கும் கொண்டு போச்சு. ஆறே வாரத்தில் மொன்சாவில் வந்து நாலாவது இடம் பிடிச்சார்னா அது அவர் நெஞ்சுரம்.

காப்பாத்த வந்த சிலிண்டர்

அடுத்தது மனசைப் பிசையுற கதை. 1977 மார்ச் 5, தென்னாப்பிரிக்காவில் க்யாலாமி. ரென்சோ சோர்சியோட கார் பழுதாகி ஓரமா நிக்குது. சிஃபர்ட்டுக்கு அப்புறம் கட்டாயமாச்சுன்னு சொன்னேனே, ஹெல்மெட் காத்துக்குழாய், அது சட்டுன்னு கழலாம சோர்சி திணறுறார். அதுக்குள்ள சின்னதா தீ. எதிர்ப்பக்கம் இருந்து ரெண்டு பேர் தடத்தைத் தாண்டி ஓடி வர்றாங்க. ஒருத்தர் ஃப்ரெடரிக் யான்சன் வான் வூரன், 19 வயசு. கையில 18 கிலோ தீயணைப்பான். மேட்டுக்கு அந்தப்பக்கம் இருந்து முழு வேகத்தில் வந்த டாம் பிரைஸுக்கு அவரைப் பாக்கவே வழியில்லை. மோதினதில் அந்தப் பையன் அங்கேயே இறந்துட்டார். அந்தச் சிலிண்டர் தலையில் அடிச்சு பிரைஸும் போயிட்டார். சோர்சிக்கு ஒண்ணும் ஆகலை.

ஒரு ஆபத்துக்குன்னு வச்ச மருந்து இன்னொரு இடத்தில் வினையாகிறதுக்கு இதை விட வேற உதாரணம் எனக்குத் தெரியாது. கட்டாத சிலிண்டர் காருக்குள்ள இருந்தாலும் இதே கதைதான். 100 கிலோமீட்டர் வேகத்தில் கார் எதிலாவது மோதினா, சீட்டுக்கடியில் உருண்டுக்கிட்டு இருக்கிற அஞ்சு கிலோ இரும்பு நம்ம முதுகைத் தேடி வரும். அதனாலதான் சர்வதேச விதியில், சிலிண்டரை ரெண்டு உலோகப் பட்டையால் இறுக்கணும், அந்தப் பிடிமானம் எடையைப் போல 25 மடங்கு விசையைத் தாங்கணும்னு எழுதி வச்சிருக்காங்க. பிளாஸ்டிக் டை போட்டுக் கட்டுறது, வெல்க்ரோ ஒட்டுறது எல்லாம் ஆகவே ஆகாது.

நொடிக் கணக்கு

நல்ல கதையும் உண்டு. 1989 ஏப்ரல் 23, இமோலா. கெர்ஹார்ட் பெர்கரின் ஃபெராரி சுவத்தில் மோதி நெருப்புக் கோளமா மாறிச்சு. தயாரா நின்ன தீயணைப்பு ஆளுங்க வந்து சேர்ந்து சில நொடியில அணைச்சுட்டாங்க. கையில் தீக்காயத்தோட பிழைச்சு, ஒரே ஒரு ரேஸைத் தவற விட்டுட்டுத் திரும்ப வந்தார்.

2020 நவம்பர் 29, பஹ்ரைன். ரொமேன் க்ரோஷானின் கார் மணிக்கு 192 கிலோமீட்டர் வேகத்தில் தடுப்பில் மோதி ரெண்டாப் பிளந்தது. டி.வி.யில் பாத்தவங்க எல்லாரும் முடிஞ்சுதுன்னுதான் நெனச்சோம். தீக்குள்ள 28 நொடி இருந்து, தானே ஏறி வெளியே வந்தார். தலைக்கு மேல இருக்கிற ஹாலோ, புது விதிப்படி தைச்ச தீக்காப்பு உடை, ஓடி வந்து பவுடர் அடிச்ச ஒரு ஊழியர், மெடிக்கல் காரில் பின்னாடியே வந்த டாக்டர் - இத்தனையும் சேர்ந்து கொடுத்தது 28 நொடி.

இதுதான் புரிஞ்சுக்க வேண்டியது. காருக்குள்ள பொருத்துற சிஸ்டம் காரைக் காப்பாத்த இல்லை. எரியுற பெட்ரோலை முழுசா அணைக்க ரெண்டு, நாலு லிட்டர் நுரை பத்தாது. பெல்ட்டைக் கழட்டி, ஸ்டீயரிங்கைத் தள்ளி, ஜன்னல் வலையை அவுத்து, காலை வெளியே வைக்கிற வரைக்கும் தீயைத் தள்ளி நிறுத்தும். அவ்வளவுதான் அதோட வேலை. அந்த நொடிகளுக்குத்தான் காசு.

நம்ம பக்கத்து வரலாறு

நம்ம தமிழ்நாட்டுக்கு இதெல்லாம் தூரத்துக் கதை இல்லை. ரெண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒண்ணு சோழவரத்தில் கிடந்தது. அதிலேயே மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்காரங்க வருஷா வருஷம் ரேஸ் நடத்தினாங்க. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் வந்தது. கோயமுத்தூர் கரிவர்தன் மாருதி 800 இஞ்சினை வச்சு ஃபார்முலா மாருதி கார் செஞ்சு, சாதாரண ஆளும் ஓட்டலாம்ங்கிற நிலைமையைக் கொண்டு வந்தார். செட்டிபாளையம் தடத்துக்கு அவர் பேர்தான். 2024இல் சென்னை தீவுத்திடலைச் சுத்தி ராத்திரி ரேஸே நடந்துச்சு.

அந்த இருங்காட்டுக்கோட்டையில் வளந்தவர்தான் அஸ்வின் சுந்தர். 2012, 2013 ரெண்டு வருஷமும் எஃப்4 தேசிய சாம்பியன். 2017 மார்ச் 18 விடியுறதுக்கு முன்னாடி, சென்னை சாந்தோம் பக்கம் அவரோட சொந்தக் கார் மரத்தில் மோதி தீப்பிடிச்சது. அவரும் அவர் மனைவியும் வெளியே வர முடியாம உள்ளேயே இறந்துட்டாங்க.

எத்தனையோ ரேஸில் கூண்டு, ஆறு முனை பெல்ட், தீக்காப்பு உடை, கைக்கெட்டுற தூரத்தில் இழுவிசைப் பிடின்னு எல்லாப் பாதுகாப்போடவும் ஓட்டின மனுஷன். ரோட்டில் போற காரில் அது எதுவும் கிடையாது. அவர் கதையைச் சொல்லும்போது எனக்குக் குரல் கொஞ்சம் கம்மிருச்சு. பயலுக்கு அவர் பேர் தெரிஞ்சிருந்தது. "அவரு ஓட்டுனத ஒரு தடவை பாத்திருக்கேன் மாமா"ன்னான்.

எதை வாங்குறது

சரி, விஷயத்துக்கு வருவோம்.

பவுடர்: தீயை டக்குன்னு அமுக்கும். விலை குறைவு. ஆனா மூடின காருக்குள்ள அடிச்சா கண்ணு தெரியாது, மூச்சு விட முடியாது. வெளியே வர வழி தேடுற ஆளுக்கு அது போதும் கெடுக்க. அப்புறம் அலுமினியத்தையும் வயரிங்கையும் அரிச்சுரும். கையில் எடுத்து வெளியில இருந்து அடிக்க நல்லது. ரெண்டு கிலோ கைச்சிலிண்டரை விதியும் ஏத்துக்குது.

ஹாலான்: ஒரு காலத்தில் இதுதான் ராஜா. ஈரம் இல்லை, தூசி இல்லை, இண்டு இடுக்கெல்லாம் போய்த் தீயோட சங்கிலியை அறுக்கும். ஆனா ஓசோன் படலத்தை ஓட்டை போடும்னு தெரிஞ்சு, 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு, 1993 முடிவோட வளர்ந்த நாடுகளில் உற்பத்தியை நிறுத்திட்டாங்க. யாராவது பழைய ஹாலான் சிலிண்டர் மலிவா இருக்குன்னு சொன்னா வாங்காதீங்க.

நுரை (ஏ.எஃப்.எஃப்.எஃப்.): ஹாலான் போன இடத்தில் வந்தது. பெட்ரோல் மேல ஒரு படலமாப் பரவி ஆவியை அடைக்கும், குளிரவும் வைக்கும். கொஞ்சம் கனம், ஆனா நம்ம மாதிரி ஆளுங்களுக்கு விலை கட்டுப்படியாகும்.

நோவெக் 1230 மாதிரி திரவ வாயு: எடை கம்மி, கறை இல்லை, விலை எக்கச்சக்கம். அதை உண்டாக்கின 3எம் கம்பெனி, 2025 முடிவுக்குள்ள அந்த ரகம் ரசாயனங்களை எல்லாம் நிறுத்தப் போறதா 2022இலேயே அறிவிச்சுட்டாங்க. மண்ணிலும் தண்ணியிலும் அழியாமத் தங்குற ஃப்ளூரின் சேர்மங்கள்தான் பிரச்சனை. வழக்கமான நுரையிலும் அது உண்டு, அதனால் ஃப்ளூரின் இல்லாத நுரை வர ஆரம்பிச்சிருக்கு. ஹாலான் கதை மறுபடியும் ஓடுது.

சர்வதேச விதிப்படி ராலி காருக்குப் பொருத்தின சிஸ்டம், கைச்சிலிண்டர் ரெண்டும் வேணும். வட்டத் தடத்தில் ஓட்டுறதுக்கு ரெண்டில் ஒண்ணு இருந்தா போதும். காரணம் எளிசு. தடத்தில் ஒவ்வொரு வளைவிலும் ஆள் நிப்பான். காட்டுப் பாதையில் நீயும் உன் கூட உக்காந்திருக்கிறவனும்தான். நம்ம ஊர்ப் போட்டிக்கு என்ன கேக்குறாங்கன்னு அந்தந்த வருஷத்து விதிப்புத்தகத்தைப் பாத்துக்கணும்.

சிஸ்டம்னா சிலிண்டரில் இருந்து உலோகக் குழாய், காக்பிட்டுக்குக் கொஞ்சம் மூக்கு, இஞ்சின் பக்கம் கொஞ்சம் மூக்கு. காக்பிட் மூக்கு டிரைவர் முகத்துக்கு நேரா இருக்கக் கூடாது. உள்ளே ஒரு பிடி, பெல்ட் போட்டு உக்காந்த நிலையில் கை எட்டணும். வெளியே ஒரு பிடி, பக்கத்தில் வெள்ளை வட்டத்தில் சிவப்பு 'ஈ' எழுத்து, குறைஞ்சது 10 சென்டிமீட்டர் விட்டம். கேபிள் இழுத்து வேலை செய்யுற ரகமும் உண்டு, பட்டனை அமுக்குற மின்சார ரகமும் உண்டு. கேபிள்னா வளைவு நெளிவு இல்லாம ஓடணும். மின்சாரம்னா அதுக்குன்னு தனி பேட்டரி, காரோட மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணினாலும் வேலை செய்யணும்.

குளவிக்கூடு

இப்போ ஆரம்பத்தில் சொன்ன காரணத்துக்கு வர்றேன்.

ராஜபாளையம் பக்கம் ஒரு பஞ்சாலையில் நான் மெயின்டனன்ஸில் இருந்தப்போ நடந்தது. பஞ்சுத் தீ பெட்ரோல் தீ மாதிரி வெடிக்காது. பேலுக்குள்ள நாள்கணக்கில் கமுக்கமா கனிஞ்சுக்கிட்டே இருந்து, காத்துப் பட்டதும் எந்திரிக்கும். அன்னைக்கு மிக்ஸிங் பக்கம் புகை. பக்கத்துச் சுவத்தில் சிலிண்டர். கேஜில் முள்ளு பச்சையில் இருக்கு. அட்டையில் மாசாமாசம் கையெழுத்து, நான் போட்டதும் அதில் உண்டு. ஓடிப்போய்ப் பின்னை உருவி அமுக்குறேன், ஒண்ணும் வரலை. குழாய் வாயில குளவி மண்ணை வச்சுக் கூடு கட்டி அடைச்சிருக்கு. கூட இருந்தவர் மணல் வாளியைக் கொட்டி சமாளிச்சார். அவருக்கு ரெண்டு முழங்கையிலும் தீக்காயம். இன்னைக்கும் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பாத்தா என் கண்ணு முதல்ல அந்த முழங்கைக்குத்தான் போகும்.

கேஜைப் பாத்துக் கையெழுத்துப் போட்டேன். வாயைப் பாக்கலை. நானும் பாஸ்தான் போட்டேன்.

அதனால பராமரிப்புன்னு பயலுக்கு நான் சொன்னது இவ்வளவுதான்:

- ஒவ்வொரு போட்டிக்கு முன்னாடியும் எல்லா மூக்கையும் கண்ணால பாரு. மண், கிரீஸ், கூடு எதுவும் இருக்கக் கூடாது.
- கேஜை மட்டும் நம்பாதே. சிலிண்டரை எடை போட்டு, மேல அடிச்சிருக்கிற எடையோட ஒப்பிட்டுப் பாரு. நம்ம வெயிலில் நின்ன காரில் முள்ளு கூடத்தான் காட்டும். நிழலில் பாரு.
- பட்டையும் போல்ட்டும் ராலி ஆட்டத்தில் தளரும். ஒவ்வொரு நாள் முடிவிலும் முறுக்கிப் பாரு.
- மின்சார ரகம்னா டெஸ்ட் விளக்கு எரியுதான்னு பாரு. பேட்டரியை சீசனுக்கு ஒரு தடவை மாத்து.
- ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை தயாரிப்பாளர் ஏத்துக்கிட்ட இடத்தில் சர்வீஸ். தேதி தாண்டினா விதிப்படி செல்லாது. தெருவில் ரீஃபில் பண்ணுற கடையில் கொடுத்து ஸ்டிக்கர் மட்டும் வாங்கிட்டு வராதே.
- கடைசியா, பாதுகாப்புப் பின். காரை நிறுத்தி வைக்கும்போது யாரும் தெரியாம இழுத்துடக் கூடாதுன்னு அதைப் போட்டு வைப்போம். கிளம்பும்போது உருவ மறந்தா அத்தனை செலவும் வீண். பின்னில் நீளமா ஒரு சிவப்பு நாடாவைக் கட்டி ஸ்டீயரிங்கில் சுத்தி வை. அதை அவுக்காம வண்டி எடுக்க முடியாது.

இன்னொண்ணும் சொன்னேன். கண்ணை மூடிக்கிட்டு, பெல்ட் போட்ட நிலையில், பிடியை இழுக்கிற மாதிரி கையைக் கொண்டு போய்ப் பழகு. அப்புறம் பெல்ட்டைக் கழட்டி எத்தனை நொடியில் வெளியே வர்றேன்னு எண்ணிப் பாரு. புகைக்குள்ள கண்ணு உதவாது, கைப்பழக்கம்தான்.

சாயங்காலம் ஊருக்கு வந்ததும் பட்டறைக்குப் போனோம். பயலைக் காரில் உக்கார வச்சு, பெல்ட்டை மாட்டி, கண்ணில் துண்டைக் கட்டி, நான் கடிகாரத்தைப் பாத்தேன். முதல் தடவை 41 நொடி. கூண்டுக் கம்பியில் முட்டியை இடிச்சுக்கிட்டான். ஆறாவது தடவை 17.

இறங்கி வேர்வையைத் துடைச்சுக்கிட்டே கேட்டான், "மாமா, அந்த நுரை சிஸ்டம் நாலு லிட்டர் எவ்வளவு ஆகும்?"

டயருக்குன்னு ஒதுக்கி வச்ச காசில் இருந்து எடுக்கப் போறானாம். பழைய டயரோட கடைசியா வந்தாலும் பரவாயில்லைடா, வீடு வந்து சேருன்னேன்.

பி.கு: இதைப் படிச்சு முடிச்சதும் உங்க வீட்டு, கடைச் சுவத்தில் சிலிண்டர் ஏதாவது தொங்குச்சுன்னா, எந்திரிச்சுப் போய் அதோட வாயைப் பாருங்க. கேஜை இல்லை, வாயை.